மூலம் என்று விடப்படும் ரத்தம்: பெருங்குடல் புற்றுநோய்த் தடுப்பில் கேரளத்தின் அடுத்த படி எது?

மட்டாஞ்சேரி (கொச்சி): மலத்துடன் ரத்தம் வந்தால் அது மூலமாகத்தான் இருக்கும் என்பது நம் நாட்டில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. பெரும்பாலான நேரங்களில் அந்த நம்பிக்கை சரியாகவும் இருந்துவிடுகிறது. சிக்கலே அதில்தான் இருக்கிறது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் களிம்பும் லேகியமும் பலன் தந்துவிட்டால், பத்தாவது நபரும் அதே களிம்பைத் தேடி மருந்துக்கடைக்குச் செல்கிறார். அவருக்கு ரத்தக்கசிவு நின்று நின்று வருகிறது, மாதங்கள் கழிகின்றன. எடை குறைந்து, ரத்தசோகை ஏற்பட்டு, வயிற்று வலியுடன் அவர் மருத்துவமனைக்கு வரும்போது, பெருங்குடலில் தொடங்கிய கட்டி கல்லீரலை எட்டியிருக்கக்கூடும்.

மிளகும் சுக்கும் ஏலமும் மூட்டைகளாக ஏறி இறங்கும் மட்டாஞ்சேரி பஜார் சாலை இந்தப் பிரச்சினையை விவாதிக்கப் பொருத்தமான இடம். நெருக்கமான வீடுகள், நாள்கூலித் தொழிலாளர்கள், சிறு வணிகர்கள், முதியோர் என்று நடுத்தர வயதைக் கடந்த மக்கள் செறிந்து வாழும் பகுதி இது. தாய் சேய் நலனுக்கென அரசு மருத்துவமனை இங்கேயே உள்ளது. பொது சிகிச்சைக்குக் கருவேலிப்படி தாலுகா மருத்துவமனை அருகில் இருக்கிறது. உயர் சிகிச்சை என்றால் காயலுக்கு அப்பால் எர்ணாகுளம் பொது மருத்துவமனைக்கோ, சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் களமசேரியில் உள்ள கொச்சி புற்றுநோய் ஆராய்ச்சி மையத்துக்கோ செல்ல வேண்டும். 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கு வாட்டர் மெட்ரோ முனையம் வந்த பிறகு மறுகரைப் பயணம் எளிதாகியிருக்கிறது. ஆனால் மூலம் என்று எண்ணியிருப்பவரைப் படகில் ஏற வைப்பது எது என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை.

புற்றுநோய்ப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை நோய் வந்த பிறகு அதை முன்கூட்டியே காட்டித் தருபவை. பெருங்குடல் புற்றுநோயின் நிலை வேறு. இங்கே பரிசோதனையே நோயைத் தடுத்துவிட முடியும். பெருங்குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு வளர்ச்சிகள் தோன்றுகின்றன. அவற்றில் பல கடைசி வரை தீங்கற்றவையாகவே இருந்துவிடும். அடினோமா வகையைச் சேர்ந்த சில மட்டும், மரபணுக்களில் அடுத்தடுத்து மாற்றங்கள் சேர்ந்து, மெல்ல மெல்லப் புற்றாக மாறுகின்றன. இதற்குப் பொதுவாகப் பத்தாண்டு அளவுக்குக் காலம் பிடிக்கிறது.  கொலோனோஸ்கோபி கருவியை மலவாய் வழியாகச் செலுத்தி, குடல் முழுவதையும் திரையில் பார்த்து, பாலிப் தென்பட்டால் அதே அமர்வில் கம்பிச் சுருக்கால் அறுத்து எடுத்துவிடலாம். வயிற்றைத் திறக்கத் தேவையில்லை. நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் உல்ஃப் ஆகிய மருத்துவர்கள் 1969-ல் இந்த முறையைத் தொடங்கினர்.

பாலிப்புகளை அகற்றினால் உண்மையிலேயே புற்றுநோய் குறைகிறதா என்பதற்கு அமெரிக்காவின் தேசிய பாலிப் ஆய்வு 1993-ல் முதல் வலுவான ஆதாரத்தைத் தந்தது. அடினோமா அகற்றப்பட்டவர்களை நீண்ட காலம் கண்காணித்து 2012-ல் வெளியிடப்பட்ட முடிவு, அவர்களிடையே பெருங்குடல் புற்றுநோய் மரணங்கள் எதிர்பார்க்கப்பட்டதைவிட 53 சதவீதம் குறைவாக இருந்ததைக் காட்டியது.

உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் கணிப்புப்படி, 2022-ல் உலகெங்கும் சுமார் 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 லட்சம் பேர் உயிரிழந்தனர். நோயாளிகளின் எண்ணிக்கையில் மூன்றாவது இடத்தில் இருக்கும் இந்நோய், மரணங்களில் நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக இரண்டாவது இடத்தில் உள்ளது. இந்தியாவில் ஆண்டுக்கு 60 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்படுவதாகக் கணிக்கப்படுகிறது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இந்தியாவின் வீதம் உலகச் சராசரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழேதான். இந்தக் குறைந்த வீதம்தான், நோய் தேசியக் கவனத்துக்கு வராமல் போனதற்கு முதல் காரணம்.

ஆனால் வீதம் குறைவு என்பது விளைவு மென்மையானது என்று பொருள்படாது. உலக நாடுகளின் புற்றுநோய் உயிர்பிழைப்பு விகிதங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான கான்கார்ட்-3 ஆய்வில், அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் பெருங்குடல் புற்றுநோயாளிகளில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஐந்தாண்டைக் கடந்து வாழ்ந்தனர். இந்தியப் பதிவேடுகளில் அது 40 சதவீதத்தை எட்டவில்லை. இந்த இடைவெளிக்குச் சிகிச்சை வசதி மட்டும் காரணம் அல்ல. தாமதமாக வருவதும் பெரும் காரணம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 800 நோயாளிகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிடப்பட்ட தணிக்கையில் அவர்களின் சராசரி வயது 47 மட்டுமே. ஐந்தில் இருவருக்கு மேல் கட்டி மலக்குடலில் இருந்தது. நான்கில் ஒருவருக்கும் அதிகமானோர், நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய நிலையில்தான் வந்து சேர்ந்தனர்.

47 என்ற அந்த எண் சற்று நின்று பார்க்க வேண்டியது. மேலை நாடுகளில் பரிசோதனை நீண்ட காலம் 50 வயதில்தான் தொடங்கியது. இளவயதினரிடையே நோய் அதிகரிப்பதைக் கண்டு, அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2021 மே மாதத்தில் அதை 45 ஆகக் குறைத்தது. இந்தியாவின் மக்கள்தொகையே இளமையானது என்பதால் மருத்துவமனைக்கு வருவோரின் சராசரி வயதும் இயல்பாகவே குறைவாக இருக்கும். ஆகவே இந்தியாவில் இளவயதில்தான் இந்நோய் அதிகம் வருகிறது என்று இந்த ஓர் எண்ணை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. எனினும், முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் உள்ள ஒருவர் ரத்தக்கசிவு என்று சொல்லி வரும்போது இந்த வயதில் புற்றுநோய் வராது என்று திருப்பி அனுப்புவதற்கு மருத்துவருக்கும் இடமில்லை.

கேரளத்தின் கணக்கு தனியானது

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் கேரளப் பதிவேடுகளில் இந்நோயின் வீதம், நாட்டின் பல பதிவேடுகளைவிடக் கூடுதலாகவே இருந்து வருகிறது. காரணங்களில் முதன்மையானது வயது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தோர் நாட்டில் 8.6 சதவீதமாக இருந்தபோது கேரளத்தில் 12.6 சதவீதமாக இருந்தனர். அதன் பிறகு அந்தப் பங்கு மேலும் உயர்ந்திருக்கிறது. உடல் பருமன், உடலுழைப்புக் குறைவு, மது, புகையிலை ஆகியவை அடுத்த வரிசையில் நிற்கின்றன.

உணவைப் பற்றிய பேச்சு வந்தாலே மட்டாஞ்சேரியில் விரல்கள் பிரியாணிக் கடைகளை நோக்கி நீளும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-ல், பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலிலும், மாடு, ஆடு போன்றவற்றின் சிவப்பு இறைச்சியை உண்டாக்கக் கூடியதாகக் கருதப்படும் பொருள்களின் பட்டியலிலும் சேர்த்தது. இரண்டும் ஒன்றல்ல. சாசேஜும் சலாமியும் தினமும் உண்ணும் வழக்கத்தை ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்போடு சமமாக வைப்பது அறிவியல் ஆகாது. மதுவும் புகையிலையும் இந்நோய்க்கு உறுதி செய்யப்பட்ட காரணிகளாக இருக்க, விவாதம் எப்போதும் இறைச்சியிலேயே போய் நிற்பது விந்தையானது. சைவ உணவு உண்போருக்கும் பாலிப் வரும் என்பதை கொலோனோஸ்கோபி செய்யும் எந்த மருத்துவரும் சொல்வார்.

மூன்று புற்றுநோய்கள், நான்காவதற்கு இடமில்லை

2016-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 30 வயதைக் கடந்த அனைவருக்கும் ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றோடு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கான பரிசோதனை செய்யப்பட வேண்டும். தமிழ்நாடு 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தொடங்கிய சமூகப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டமும் இந்த மூன்றையே எடுத்துக்கொண்டது. கேரள அரசு 2025 பிப்ரவரி 4 அன்று, உலகப் புற்றுநோய் நாளில் தொடங்கிய மக்கள் இயக்கம், முதற்கட்டமாகப் பெண்களின் மார்பக, கருப்பை வாய்ப் புற்றுநோய்களை முன்னிறுத்தியது.

இந்தத் தேர்வைக் குறை சொல்ல முடியாது. நாட்டில் மிகுதியாக உயிர் பறிக்கும் புற்றுநோய்களில் இவை அடங்கும். கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் எளிய முறைகளில் கண்டறியக் கூடியவை. ஆனால் ஒரு மாநிலத்தின் வயதுக் கட்டமைப்பும் நோய்க் கட்டமைப்பும் நாட்டின் சராசரியிலிருந்து விலகும்போது, பட்டியலும் விலகத்தான் வேண்டும். கேரளம் இதற்கு முன்னும் அப்படிச் செய்திருக்கிறது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996-ல் தொடங்கிய வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வில் சுமார் 1.9 லட்சம் பேர் சேர்க்கப்பட்டனர். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்துப் பரிசோதித்ததன் மூலம், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணங்கள் 34 சதவீதம் குறைந்ததாக 2005-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. உலக வழிகாட்டுதல்கள் இன்றும் மேற்கோள் காட்டும் ஆய்வு அது. அதை முன்னின்று நடத்திய மருத்துவர் ஆர். சங்கரநாராயணன் பின்னர் பிரான்சின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையில் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். தாய்லாந்தின் லம்பாங் மாகாணத்தில் 2011-ல் நடந்த பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை முன்னோடித் திட்டத்திலும் அவருடைய பங்கு உண்டு. கேரளத்தில் பழகிய கை தாய்லாந்துக்கு உதவியது. அந்த அனுபவம் திரும்பி வருவதற்கான வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

எல்லோருக்கும் கொலோனோஸ்கோபி தீர்வா?

தனியார் மருத்துவமனைகளின் முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் கொலோனோஸ்கோபியும் இடம்பெறத் தொடங்கியுள்ளது. வசதி உள்ளவர் செய்துகொள்வதில் தவறில்லை. ஆனால் பொதுச் சுகாதாரத் திட்டமாக 50 வதைக் கடந்த அனைவருக்கும் கொலோனோஸ்கோபி என்பது கேரளத்துக்கு மட்டுமல்ல, செல்வந்த நாடுகளுக்கே எட்டாத இலக்கு. அது எட்டினாலும் எதிர்பார்த்த பலன் கிடைக்குமா என்பதிலும் ஐயம் எழுந்துள்ளது.

போலந்து, நார்வே, ஸ்வீடன், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் 55 முதல் 64 வயது வரையிலான 84,585 பேரை உள்ளடக்கிய நார்டிக் ஆய்வின் முடிவு 2022 அக்டோபரில் வெளியானபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. கொலோனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களில் பத்தாண்டுகளில் புற்றுநோய் வந்தோர் 0.98 சதவீதம், அழைக்கப்படாதோரில் 1.20 சதவீதம். அதாவது 18 சதவீதக் குறைவு. மரணங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. கொலோனோஸ்கோபி பயனற்றது என்று சில தலைப்புச் செய்திகள் முழங்கின. அவை சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: அழைக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர்தான் பரிசோதனைக்கு வந்தார்கள். உண்மையில் செய்துகொண்டவர்களைக் கணக்கிட்டால் நோய்க் குறைவு சுமார் 31 சதவீதம் என்று ஆய்வாளர்களே மதிப்பிட்டனர். கருவியின் திறன் ஒன்று. மக்கள் அதற்கு உடன்படுவது வேறொன்று. திட்டத்தின் வெற்றி இரண்டாவதைப் பொறுத்தது.

ஸ்பெயினில் 57,404 பேரிடம் நடத்தப்பட்ட கொலன்பிரெவ் ஆய்வு அந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்டது. ஒரு பிரிவுக்கு ஒரு முறை கொலோனோஸ்கோபி. மற்றொரு பிரிவுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஃபிட் எனப்படும் மலப் பரிசோதனை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் கலந்துள்ள மனித ஹீமோகுளோபினை இச்சோதனை கண்டுபிடிக்கிறது. அதில் ரத்தம் தென்பட்டால் மட்டுமே கொலோனோஸ்கோபி. 2025-ல் வெளியான பத்தாண்டு முடிவில் புற்றுநோய் மரணம் கொலோனோஸ்கோபிப் பிரிவில் 0.22 சதவீதம், ஃபிட் பிரிவில் 0.24 சதவீதம். ஏறத்தாழ ஒன்றே. மலப் பரிசோதனைக்கு முன்வந்தோர் 39.9 சதவீதம், கொலோனோஸ்கோபிக்கு முன்வந்தோர் 31.8 சதவீதம். ஜப்பான் 1992 முதலே இந்த வகைச் சோதனையைத் தேசியத் திட்டமாக நடத்தி வருகிறது. இங்கிலாந்து 2006-ல் பழைய முறை மலப் பரிசோதனையுடன் தொடங்கி 2019-ல் ஃபிட்டுக்கு மாறியது.

கேரளம் போன்ற மாநிலத்துக்குப் பொருந்தும் பாதை இதுதான் என்பதில் அதிகம் தயங்க வேண்டியதில்லை. பழைய கையாக் சோதனைக்கு முன்பு இறைச்சியையும் சில காய்கறிகளையும் நாட்கணக்கில் தவிர்க்க வேண்டியிருந்தது. ஃபிட்டுக்கு உணவுக் கட்டுப்பாடே இல்லை. வீட்டிலேயே சிறு குச்சியால் மாதிரி எடுத்துக் குப்பியில் அடைத்துக் கொடுத்தால் போதும்.

லம்பாங் முன்னோடித் திட்டத்தில் 50 முதல் 65 வயது வரையிலான மக்களில் சுமார் 63 சதவீதம் பேர் ஃபிட் செய்துகொண்டனர். அவர்களில் 1.1 சதவீதம் பேருக்கே ரத்தம் தென்பட்டது. அவர்களில் சுமார் 72 சதவீதம் பேர் கொலோனோஸ்கோபிக்கு வந்தனர். இதை மட்டாஞ்சேரிக்குப் பொருத்திப் பார்க்கலாம். இங்கும் சுற்றுப்புறங்களிலும் 10 ஆயிரம் பேர் ஃபிட் செய்துகொள்வதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், லம்பாங் விகிதப்படி 110 பேருக்குக் கொலோனோஸ்கோபி தேவைப்படும். இங்கே மூலம், ஆசனவாய் வெடிப்பு ஆகியவற்றின் காரணமாக அந்த விகிதம் 5 சதவீதமாக உயர்ந்தாலும் 500 பேர். ஒரே மருத்துவமனையின் எண்டோஸ்கோபிப் பிரிவு வாரத்துக்குப் பத்து இடங்களை ஒதுக்கினால், ஓராண்டுக்குள் முடித்துவிடக் கூடிய எண்ணிக்கை. மாறாக, 10 ஆயிரம் பேரையும் நேரே கொலோனோஸ்கோபிக்கு அழைத்தால் அதே வேகத்தில் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் பிடிக்கும்.

எங்கே கோடு போடுவது என்பது அறிவியல் முடிவாக மட்டும் இருப்பதில்லை. ஒரு கிராம் மலத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் இருந்தால் கொலோனோஸ்கோபிக்கு அனுப்புவது என்ற வரம்பை ஸ்காட்லாந்து 80 என்று வைத்தது. இங்கிலாந்து 120 என்று தொடங்கியது. தன்னிடம் இருந்த கொலோனோஸ்கோபி வசதிக்கு ஏற்ப வைத்துக்கொண்ட எண் அது. வரம்பைக் குறைத்தால் கூடுதல் புற்றுநோய்கள் பிடிபடும். கூடவே ஆரோக்கியமான பலரும் வரிசையில் நிற்பார்கள். வரிசை நீண்டால் உண்மையான நோயாளியும் அதற்குள்தான் சிக்குவார்.

கொச்சிக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. வெப்பத்தில் ஹீமோகுளோபின் சிதைகிறது. இத்தாலியின் ஃபுளோரன்ஸில் நடந்த ஆய்வில், கோடைக் காலத்தில் ஃபிட் சோதனையில் ரத்தம் தென்படும் விகிதம் குறைந்தது கண்டறியப்பட்டது. ஃபுளோரன்ஸின் கோடை, மட்டாஞ்சேரியின் சாதாரண நாள். வீட்டில் எடுத்த மாதிரி இரண்டு மூன்று நாட்கள் ஜன்னலோரம் கிடந்தால், நோய் இருந்தும் இல்லை என்ற முடிவு வரக்கூடும். மாதிரியை அன்றே சேகரித்துக் குளிர்பெட்டியில் ஆய்வகம் சேர்ப்பது யார் என்பது தீர்மானிக்கப்படாமல் கருவிகளை மட்டும் வாங்கிக் குவிப்பதில் பொருளில்லை.

அந்த யார் என்ற கேள்வி நேரே ஆஷா பணியாளர்களிடம் போய் நிற்கிறது. கேரளத்தில் 30 வயதைக் கடந்தோரின் வாழ்க்கைமுறை நோய் அபாயத்தைக் கணக்கெடுக்கும் ஷைலி செயலி மூலம் ஒரு கோடிக்கும் அதிகமானோரிடம் தகவல் திரட்டியவர்கள் அவர்கள்தான். புற்றுநோய் இயக்கம் தொடங்கிய ஆறாவது நாள், 2025 பிப்ரவரி 10 அன்று, மதிப்பூதியத்தை 21 ஆயிரம் ரூபாயாக உயர்த்தக் கோரித் தலைமைச் செயலகத்தின் முன் அவர்களில் ஒரு பிரிவினர் போராட்டத்தில் அமர்ந்தனர். அது மாதக்கணக்கில் நீடித்தது. வாய், மார்பகம், கருப்பை வாய், ரத்த அழுத்தம், நீரிழிவு என்று ஏற்கெனவே நிறைந்திருக்கும் அவர்களின் பையில் மலக்குப்பியையும் சேர்ப்பதற்கு முன், அதற்கான ஊதியமும் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

செலவு எங்கே விழுகிறது

பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்து கேரளத்தில் செயல்படும் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆனால் இது அடிப்படையில் மருத்துவமனையில் சேர்க்கப்படும் நோயாளிக்கான காப்பீடு. புறநோயாளியாக வந்து சந்தேகத்தின் பேரில் செய்துகொள்ளும் பரிசோதனை இதன் மையத்தில் இல்லை. விளைவு முரணானது: குடலை வெட்டி எடுக்கும் அறுவைச் சிகிச்சைக்கு அரசு பணம் தருகிறது, அதைத் தேவையற்றதாக்கக் கூடிய கொலோனோஸ்கோபிக்குத் தனியார் மருத்துவமனையில் நோயாளி தன் கையிலிருந்து பல ஆயிரம் ரூபாய் கட்டுகிறார், அல்லது அரசு மருத்துவமனையில் தன் முறைக்காகக் காத்திருக்கிறார். மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்றாண்டுகளில் புற்றுநோய்ப் பகல்நேர சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்தது. கீமோதெரபி பெறும் நோயாளிகளின் அலைச்சலைக் குறைக்கும் நல்ல முடிவு. எனினும் அதுவும் நோய் முற்றிய பின் தொடங்கும் செலவே.

கொலோனோஸ்கோபியின் உண்மையான விலை மருத்துவமனைக் கட்டணத்தோடு முடிவதில்லை. முந்தைய நாள் நார்ச்சத்து இல்லாத எளிய உணவு. மாலையிலும் மறுநாள் அதிகாலையிலும் பாலியெத்திலீன் கிளைக்கால் பொடியைக் கலந்த நீரை லிட்டர் கணக்கில் குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். மயக்க மருந்து கொடுக்கப்பட்டால் துணைக்கு ஒருவர் தேவை. அன்று முழுவதும் வேலைக்குத் திரும்ப முடியாது. சுமைத் தொழிலாளிக்கு இது இரண்டு நாள் கூலி. துணைக்கு வருபவருக்கு ஒரு நாள். வேலை வேண்டிக் கூடி நிற்போரிடையே உலோக வில்லைகளை வீசி எறிந்து, அதைப் பொறுக்கியவருக்கே அன்றைய வேலை என்றிருந்த சாப்பா முறையை எதிர்த்துத் துறைமுகத் தொழிலாளர் போராடி, 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூட்டை எதிர்கொண்ட ஊர் மட்டாஞ்சேரி. ஒரு நாள் கூலியின் மதிப்பை இந்த ஊருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தொழிலாளர் நல நிதியங்களும் தொழிற்சங்கங்களும் பரிசோதனை நாளுக்குக் கூலி ஈடு தர முன்வந்தால், அது எந்த விழிப்புணர்வுச் சுவரொட்டியைவிடவும் அதிகம் பேரை அழைத்து வரும்.

ஆபத்தே இல்லாத பரிசோதனையும் அல்ல இது. குடலில் துளை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பாலிப் அகற்றிய இடத்தில் ரத்தக்கசிவு அதைவிடச் சற்று அதிகம். நார்டிக் ஆய்வில் பெரிய ரத்தக்கசிவு 15 பேருக்கு ஏற்பட்டது, குடல் துளை ஒருவருக்கும் ஏற்படவில்லை. செய்பவரின் கைத்திறனும் பொருட்டு. அடினோமாவைக் கண்டுபிடிக்கும் விகிதம் அதிகமுள்ள மருத்துவரிடம் பரிசோதித்தோருக்குப் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவு என்பது அமெரிக்காவில் லட்சக்கணக்கான பரிசோதனைகளை ஆராய்ந்து 2014-ல் நிறுவப்பட்டது. கருவியைப் பின்னிழுக்கும்போது குறைந்தது ஆறு நிமிடம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். இந்தியாவில் மருத்துவமனைகள் இந்த விகிதத்தை வெளியிடும் வழக்கம் பரவவில்லை. பொதுப் பணத்தில் பரிசோதனை நடக்கும்போது அதைக் கேட்பதற்கு அரசுக்கு உரிமை உண்டு.

முதலில் யாரை?

ஃபிட் திட்டம் ஒரு நாளில் வந்துவிடாது. அதற்கு முன்னரே, கூடுதல் பணம் அதிகம் தேவைப்படாத சில பணிகள் காத்திருக்கின்றன. வீடு தேடி வரும் கணக்கெடுப்பில், மலத்தில் ரத்தம் வருகிறதா, சில வாரங்களாக மலம் கழிக்கும் வழக்கம் மாறியிருக்கிறதா என்ற கேள்விகளுக்குத் தெளிவான இடம் வேண்டும். ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைபாட்டு ரத்தசோகை இருந்தால், மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. குடலின் வலப்பக்கக் கட்டிகள் கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் காட்டுவதே அரிது. ரத்தசோகைதான் அவை தரும் முதல் தகவல். மூலம் என்று சொல்லி வருபவருக்குக் கையுறை அணிந்த விரலால் மலக்குடலைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். இந்திய நோயாளிகளில் மலக்குடல் கட்டிகளின் பங்கு அதிகம் என்பதால், அந்த ஒரு நிமிடத்தில் பிடிபடுவனவும் கணிசமாக இருக்கும். கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவுகளில் முதலில் கைவிடப்படுவதும் அந்த ஒரு நிமிடமே.

அடுத்து குடும்பங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதிலோ, அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முந்தையதோ அப்போதே கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். 45 வயதில் நோயுற்ற ஒருவரின் தம்பிக்கு அது 35. புற்றுநோய் மையங்களில் சிகிச்சை பெறும் ஒவ்வொருவரின் கோப்பிலும் குடும்பத்தாரின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களை அழைக்கும் பொறுப்பு இன்று யாருடைய பணிப்பட்டியலிலும் இல்லை.

மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும் மலையாளம் மட்டும் பேசும் ஊர்கள் அல்ல. கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே வாழ்கின்றன. வெளி மைதானத்தை ஒட்டிய சலவைக்கூடத்தில் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் துணி வெளுக்கின்றன. குடலைக் கழுவும் பொடியை எத்தனை மணிக்கு, எவ்வளவு நீரில் குடிக்க வேண்டும், இரும்புச்சத்து மாத்திரையை எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும், நீரிழிவு மருந்தையும் ரத்தம் உறையாமைக்கான மருந்தையும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தாள் சரியாகப் புரியாவிட்டால் குடல் சுத்தமாகாது. பரிசோதனையைப் பாதியில் நிறுத்தி மறுபடியும் தேதி கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் கூலியை இழந்தவர் இரண்டாவது தேதிக்கு வருவது அரிது. வாய்ப்புற்றுநோய் ஆய்வில் வீடு வீடாகச் சென்றவர்கள் அந்தந்த வீட்டின் பேச்சில் பேசினார்கள். இந்தத் தாளும் அந்தந்த வீட்டின் மொழியிலேயே அச்சாக வேண்டும்.